வடக்குப் பாதை: மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவை வேண்டுமானால் தேநீர் இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது ஒரு வீதியைப் பற்றி.

மாத்தளையில் படித்த நமக்கு ஏ9 வீதியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. விடுதிப் பிள்ளைகள் விடுமுறைக்குப் பஸ் ஏறியது அதில்தான். இன்று ஏ9 என்றால் பலருக்கும் ஓமந்தையும் முகமாலையும் சோதனைச்சாவடிகளும் நினைவுக்கு வரும். அந்தக் கதையைச் சொல்ல நம்மிடையே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நூறு வருடங்களுக்கு முன்பு, இதே வீதியின் ஒரு பகுதிக்கு வேறு பெயர் இருந்தது. அரசாங்க ஏடுகளில் அது வடக்குப் பாதை, 'நோர்த் றோட்'.

தமிழகக் கரையிலிருந்து தோணியில் வந்து, தலைமன்னார், அரிப்பு போன்ற இடங்களில் இறங்கி, முருங்கன், செட்டிகுளம் வழியாக மதவாச்சிக்கு நடக்க வேண்டும். அங்கிருந்து தெற்கே திரும்பி மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளை. ஏறக்குறைய 250 கிலோமீற்றர். இன்றைய ஏ14 வீதியையும், மதவாச்சிக்குத் தெற்கே ஏ9 வீதியையும் சேர்த்தால் பெரும்பாலும் அந்தப் பாதை கிடைத்துவிடும். கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துவந்த கங்காணிமார் தங்கள் கூட்டத்தை நடத்தி வந்த வழி இதுதான். மாத்தளைக்கு ரயில் வந்ததே 1880இல்தான்.

இந்தப் பாதையில் எத்தனை பேர் இறந்தார்கள்? 1841க்கும் 1848க்கும் இடையில் மட்டும் 70,000 பேர், அதாவது வந்தவர்களில் நாலில் ஒருவர் இறந்திருக்கலாம் என்று 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை எழுதியது. வரலாற்றாசிரியர்கள் அந்தக் கணக்கைப் பற்றி இன்றும் வாதிடுகிறார்கள். வாதிட இடமிருப்பதற்குக் காரணம், செத்தவர்களை யாரும் ஒழுங்காகப் பதிந்து வைக்கவில்லை. ஒருவர் விழுந்துவிட்டார் என்பதற்காகக் கூட்டம் நின்றுவிட முடியாது. முன்பணக் கடன் தலைக்கு மேலே, தோட்டத்தில் அறுவடை காத்திருக்கிறது.

வைத்தியர் என்ற முறையில் என்னை நிறுத்தியது அந்த அறுவடையின் பருவம். கோப்பி பறிப்பது ஆண்டின் பிற்பகுதியில். ஆகவே கூட்டங்கள் ஆடி, ஆவணியில் வந்தன. வன்னியும் வடமத்தியும் எப்போது காய்ந்து கிடக்கும் என்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள். ஓடைகள் வற்றி, குளத்தின் அடியில் தேங்கி நிற்கும் நீர்தான் மிச்சம். முதல் நாள் போன கூட்டமும் மாடுகளும் கலக்கிய அதே நீரை அடுத்த கூட்டம் குடிக்கும். வாந்திபேதிக்கு இதைவிட வசதி தேவையில்லை. அறுவடை முடிந்து மார்கழி, தையில் பலர் ஊர் திரும்பினார்கள். அப்போது வாடைக்காற்று மழை பெய்து ஓய்ந்திருக்கும், நுளம்பு பெருகியிருக்கும், உலர்வலயத்தில் மலேரியா உச்சத்தில் இருக்கும் காலம். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

கொலரா வந்த ஒருவருக்கு ஒரே நாளில் பத்து லீற்றருக்கு மேலும் நீர் வெளியேறலாம். சிகிச்சை இல்லாவிட்டால் கடுமையாகப் பீடிக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் வரை இறந்துவிடுவார்கள். இன்று நம் வீட்டு அலுமாரியில் கிடக்கும் ஜீவனிப் பக்கற்றும், தேவைப்பட்டால் சேலைனும் நேரத்துக்குக் கொடுத்தால் நூற்றில் ஒருவரைக்கூட இழக்க மாட்டோம். உப்பு, சீனி, சுத்தமான தண்ணீர்! இதை வகுப்பில் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்குத் தம்புள்ளைக்கு வடக்கே உள்ள அந்தக் காடுதான் நினைவுக்கு வருகிறது.

அக்காலத்தவரையும் முழுதாகக் குறைசொல்ல முடியாது. லண்டனில் ஜோன் ஸ்நோ தண்ணீர்க் குழாயைச் சந்தேகித்தது 1854இல். கொக் கொலராக் கிருமியைப் பற்றி உறுதியாக அறிவித்தது 1884இல். மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்று றொனால்ட் றொஸ் கண்டது 1897இல். ஆனால் கிணறு வெட்டவும் கூரை போடவும் கிருமியைக் கண்டுபிடிக்கத் தேவையில்லையே. 1850களின் பிற்பகுதியில், ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில்தான் அந்த வேலைகள் ஓரளவு முறையாகத் தொடங்கின. தங்குமடுவங்களும் கிணறுகளும் வந்தன. வழியில் வைத்தியசாலைகளும் பின்னர் வந்தன. சாவு குறைந்தது, நிற்கவில்லை.

நான் கோபப்படும் இடம் வேறு. நோய் பரவியதும் பாதையோரத்துக் கிராம மக்கள் பயந்து ஒதுங்கினார்கள். அது இயல்பு, நானும் ஒதுங்கியிருப்பேன். ஆனால் ஏடுகளிலும் பேச்சுகளிலும் நடந்து வந்தவர்களே நோய் என்பதுபோல் ஆனார்கள். நோயைக் 'கொண்டுவந்தவர்கள்' என்ற சொல் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. பசியோடு நடந்து, கிடைத்த ஒரே குளத்து நீரைக் குடித்தவர்கள் நோயாளிகள். கொவிட் காலத்திலும் தொற்றுக்குள்ளான குடும்பங்களின் வாசலில் இதே பேச்சைக் கேட்டேன்.

1899இல் வடக்குப் பாதை தொழிலாளர் வருகைக்கு மூடப்பட்டது. அவர்கள் படும் பாட்டைக் கண்டு இரங்கி மூடவில்லை. இந்தியாவில் பிளேக் பரவியிருந்தது, அது உள்ளே வந்துவிடும் என்ற பயம். அதன்பின் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்பு. றாகமையில் ஒரு தடுப்பு முகாம், பின்னர் மண்டபம் முகாம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது, தலைமன்னாரிலிருந்து ரயிலும் வந்தது. நடந்த பாதையைக் காடு மூடியது.

அரைநூற்றாண்டு கழித்து அதே திசையில் மறுபடி ஒரு பயணம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். 'அழுகைக் கோச்சி' என்று அந்த ரயிலைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரேயொரு வரி. அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டார்கள், இரண்டு பேர் மாத்தளைக்கு வந்தார்கள். அம்மாயி சொன்னது அவ்வளவுதான். மூன்றாவது ஆளின் பெயர் அவருக்கே தெரியாது. வந்தவர்கள் மாத்தளை முத்துமாரியம்மனுக்கு நேர்த்தி வைத்ததாகவும் சொல்வார். அம்மை தீர்க்கும் மாரியிடம் போவது அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம். அதைச் சிரித்து ஒதுக்க என்னால் முடிவதில்லை.

எங்கள் காலத்தில் தோட்டத்து முகவரியைச் சொல்லத் தயங்கிய பிள்ளைகள் இருந்தார்கள். விண்ணப்பப் படிவத்தில் நகரத்தில் இருந்த மாமா வீட்டு முகவரியை எழுதுவார்கள். 2023இல் மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு வருடங்களானதை நினைவுகூர்ந்து, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளை வரை ஒரு நடைபயணம் வந்தது. தார் வீதி, போத்தல் தண்ணீர், வழிநெடுக வரவேற்பு, அப்படியும் பதினாறு நாள். என்னுடைய மூத்த மகள் அன்றிரவு கேட்டாள், "அம்மா, அந்தக் காலத்தில் கைப்பிள்ளைக்காரிகளும் நடந்தார்களா?" ஆரம்பத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். போகப்போகப் பெண்களும் பிள்ளைகளும் கூடினார்கள். கைப்பிள்ளைக்காரிகளும் நடந்தார்கள்.

சங்கத்திடம் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது, செயலாளர் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கல்லூரி நூலகத்தில் ஒரு பெரிய கொப்பி வைக்கப் போகிறோம். உங்கள் குடும்பத்தில் நடந்து வந்தவர் யாராவது இருந்தால், தமிழகத்தில் எந்த ஊர், எந்தக் கங்காணி, எந்தத் தோட்டம், வழியில் யார் தவறிப்போனார், தெரிந்தது எதுவானாலும் எழுதுங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருப்பவர்கள் தபாலில் அனுப்பலாம். ஒரு வரி போதும். பெயர் தெரியாவிட்டால் 'பெயர் தெரியாது' என்றே எழுதுங்கள். எங்கள் வீட்டு வரியை முதல் பக்கத்தில் நான் எழுதிவிட்டேன்.