கட்டுமுன் கட்டிப் பார்த்தல்

பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் தெமோதரை நிலையம் வியப்பிற்குரிய ஓரிடம். எல்லவிலிருந்து இறங்கி வரும் வண்டி அந்நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, குன்றொன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, சற்றுமுன் தான் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே செல்கின்றது. இப்பாதை பதுளையை எட்டியது 1924 ஆம் ஆண்டில். செங்குத்தான இறக்கத்தைத் தணிக்கும் வழி காணாது பொறியியலாளர் திகைத்திருந்தபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைக் கண்டே இவ்வளையத்திற்கான உபாயம் தோன்றிற்று என்பது செவிவழிக் கதை. கதை மெய்யோ அன்றோ, அதிலுள்ள கருத்து மெய்யே. தாளில் வரைந்த கோடு காட்டாத ஒன்றை ஒரு துணிச்சுருள் காட்டிவிட்டது. மேலே நிலையம், கீழே சுரங்கம். ஒன்றையொன்று இடியாவண்ணம் இரண்டும் அமைதல் வேண்டும். அதனை மண்வெட்டி மலையில் விழுமுன்பே காணவேண்டியிருந்தது.

அவ்வாறு முன்கூட்டிக் காண்பதற்கு இக்காலத்தில் வாய்த்துள்ள முறையே கட்டடத் தகவல் மாதிரியாக்கம் எனப்படுவது. பீ.ஐ.எம். என்ற சுருக்கப் பெயராலும் அதனை வழங்குவர். இதன் மூலக் கருத்தை 1970 களில் அமெரிக்க அறிஞர் சார்ல்ஸ் ஈஸ்ற்மன் வகுத்துக் காட்டினார். சிங்கப்பூர் 2015 ஆம் ஆண்டளவில் 5,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியா 2016 முதல் மத்திய அரசின் கட்டடப் பணிகளுக்கு இதனை வேண்டிற்று. 2018 இல் இதற்கெனச் சர்வதேசத் தரமொன்றும் வெளியாயிற்று.

இம்முறையின் இயல்பு யாதெனில், கணினியில் வரையப்படும் சுவர் வெறும் இரண்டு கோடுகளாய் நில்லாது, தன்னைப் பற்றிய செய்தியைத் தன்னுள்ளே கொண்டிருப்பதாம். அதன் தடிப்பு என்ன, எப்பொருளால் ஆனது, எத்தனை கல்லும் எத்தனை மூடை சீமெந்தும் வேண்டும், எவ்வாரத்தில் எழும்பும், என்ன செலவாகும் என்பன யாவும் அதனோடு பிணைந்திருக்கும். சுவரை ஓரடி நகர்த்தினால், கணக்குகளும் கூடவே நகரும். நீர்க்குழாய் செல்லும் இடத்தில் உத்திரம் குறுக்கிடுமாயின், மாதிரியே அதனைச் சுட்டிக்காட்டும். கட்டிய பின் சுவரை உடைத்துத் திருத்துவதினும் கணினித் திரையில் திருத்துதல் மலிவு.

ஊவா மலைகளில் இதன் தேவை பணத்தோடு முடிவதன்று. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் பல அம்மண்ணுள் மறைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்பதை எவரும் அறியாதிருந்தாரல்லர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் பணி முதலில் தொடங்கிய மாவட்டங்களுள்ளும் பதுளை ஒன்று. அறிவு இருந்தது, ஆயின் அது ஒரு கோப்பில் இருந்தது, மக்கள் வேறோரிடத்தில் இருந்தனர். இரண்டையும் இணைக்கும் பாலம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்து மலைச்சரிவுகள் உயிர்களைப் பலிகொண்டன.

லயங்களுக்கு மாற்றாகத் தனிவீடுகள் எழுகின்ற காலம் இது. மலையகத்தில் இந்திய உதவியுடன் கட்டப்படும் வீடு 550 சதுர அடி பரப்புடையது. வீட்டின் படம் ஒன்றே. ஆயின் நிலம் ஒன்றன்று. ஓரிடத்தில் பாறை, இன்னோரிடத்தில் இளகிய மண், பிறிதோரிடத்தில் மழைநீர் இறங்கும் ஓடை. சமதளமாக்குவதற்கு மலையின் காலை எத்துணை வெட்டுவது, வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது, கூரையில் விழும் நீரை எவ்வழி விடுவது என்பவற்றிலேதான் வீட்டின் ஆயுள் தங்கியுள்ளது. மேல்வீட்டார் வானொழுக்கு கீழ்வீட்டாரின் அணைசுவரை அரிக்குமாயின், இரண்டு வீடும் நிலையா.

அபாய வரைபடம், சரிவின் அளவு, வடிகால், அணைசுவர், வீடு ஆகிய அனைத்தையும் ஒரே மாதிரியில் வைத்தால், சிவப்புப் பகுதியில் அத்திவாரம் இடுதற்கு எவரேனும் முற்படும்போது அது கண்முன் தெரியும். காலத்தையும் மாதிரியோடு பிணைக்கலாம். ஊவாவில் ஒக்டோபர் முதல் மழை கடுமையாகும். ஆதலின் மண் வெட்டும் வேலையும் வடிகாலும் அதற்கு முன் முடிதல் வேண்டும். நிதி தாமதித்து வேலை இரண்டு மாதம் பிந்துமாயின், வெட்டிய மலை மழையில் திறந்து கிடக்கும் என்பதை அட்டவணை அப்பொழுதே உணர்த்தும். மணலும் கல்லும் ஏற்றிய லொறி தோட்டத்துப் பாதையில் எதுவரை செல்லும், அதற்கப்பால் எத்தனைபேர் தோளில் சுமக்க வேண்டும் என்பதும் கணக்கில் ஏறும்.

எனினும், உள்ளிட்ட தகவலுக்கு மேற்பட்ட அறிவு எந்த மாதிரிக்கும் இல்லை. உமா ஓயாத் திட்டம் இதற்குச் சான்று. அதன் 15 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தைக் குடையும்போது, 2014 டிசெம்பரில் நிலத்தடி நீர் பெருகி உட்புகுந்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. ஆயின் நிலத்தின் அடியிலுள்ளதை அளந்தறியாமல் மேலே எத்துணை அழகிய படம் வரைந்தாலும் பயனில்லை என்ற பாடம் நிலைத்தது. துளையிட்டு மண்ணைச் சோதிப்பதும், ஊற்றுகளைக் கணக்கெடுப்பதும், எப்பக்கம் நிலம் வெடித்தது, எம்மழைக்கு எவ்வோடை பெருகிற்று என அங்கு பல தலைமுறை வாழ்ந்த முதியோரைக் கேட்டறிவதும் மாதிரிக்கு முற்பட்ட வேலைகள்.

இன்னொன்றும் உண்டு. காணி தோட்ட நிருவாகத்திடமும், படம் பொறியியலாளரிடமும், அபாய அறிக்கை வேறோர் அலுவலகத்திலும் இருக்குமாயின் கருவி மட்டும் அவற்றை ஒன்றாக்காது. ஒவ்வொரு தகவலுக்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். எச்சரிக்கையைக் கண்டவர் வேலையை நிறுத்தும் அதிகாரமும் பெற்றிருத்தல் வேண்டும். தோட்டத்து இளைஞரும் யுவதிகளும் இக்கலையைப் பயில்வாராயின், தம் பெற்றோருக்கு எழும் வீட்டின் அத்திவாரம் எம்மண்ணில் நிற்கின்றது என்பதைத் தாமே பார்த்துச் சொல்ல வல்லவராவர். குடிபுகும் குடும்பத்திற்குச் சாவியோடு அத்தகவலையும் கையளித்தல் கட்டுவோர் கடன்.