கணனியும் கணக்கறிவும்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கல்லூரியிலே நாம் கற்கும் காரியாலயத் தொழில்நுட்பம், வர்த்தக மென்பொருள் ஆகியவை பற்றிச் சில வார்த்தை பேசுமாறு பணிக்கப்பட்டோம். இப்படிப்பைப் பற்றி உரும்பிராயிலே இருவகை அபிப்பிராயம் உண்டு. "இதென்ன படிப்பு, வெறும் தட்டெழுத்துத்தானே" என்பர் பெரியோர் சிலர். "இந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் உத்தியோகம் தேடி வரும்" என்பர் இளைஞர் சிலர். இரண்டும் அரைவாசி உண்மை என்பதே எமது பணிவான கருத்து.

முதலிலே, தட்டெழுத்து இகழத்தக்கதன்று. ஆங்கிலம் கற்ற எம் முன்னோர் பலர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கந்தோர்களில் இலிகிதராய் இருந்து அனுப்பிய பணத்தால் எழுந்த வீடுகள் எத்தனை! அவ்வாறு கடல் கடந்தவருள் ஒருவர், 1886ஆம் ஆண்டு சுண்டிக்குளியிலே பிறந்த ஆர். முத்தையா. அவர் காலத்துத் தட்டெழுத்துப் பொறி ஆங்கிலத்துக்கென அமைந்தது. அதில் இருந்த விசைகள் ஐம்பதுக்கும் குறைவு. தமிழுக்கோ 247 எழுத்துக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை வைத்தல் ஆகாத காரியம். அவர் எழுத்துக்களைப் பிரித்து ஆராய்ந்து, கொம்பு, கால் முதலியவற்றைத் தனித்தனி விசைகளில் அமைத்தார். புள்ளி போன்ற குறிகளை அடிக்கும்போது தாள் நகராதிருக்க நகரா விசைகளையும் வைத்தார். அப்பொறி ஜேர்மனியிலே செய்யப்பட்டுத் தமிழ் வழங்கும் நாடுகளுக்கு வந்தது. கருவியைப் பாவிப்பதோடு நில்லாமல் அதன் உள்ளமைப்பையும் அறிய விரும்பியதால் அன்றோ இது கைகூடிற்று!

அப்பொறியின் இடத்துக்கு இன்று கணனி வந்துள்ளது. நாம் கற்பவற்றுள் தலையாயது விரிதாள். அதுவும் ஒரு மாணவரின் எண்ணத்திலே பிறந்ததே. ஹாவார்ட் வர்த்தகக் கல்லூரியில் பயின்ற டான் பிரிக்ளின், பேராசிரியர் கரும்பலகையில் எழுதிய கணக்கிலே ஓர் எண் மாறினால் ஏனைய எண்களையும் அழித்து எழுத வேண்டியிருந்ததைக் கண்டார். தாமே கணக்கிட்டுக்கொள்ளும் பலகை ஒன்று வேண்டும் என எண்ணினார். நண்பர் பொப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து 1979ஆம் ஆண்டு விசிகால்க் என்னும் மென்பொருளை வெளியிட்டார்.

இதன் பயனைக் காண அமெரிக்கா போகவேண்டியதில்லை. எமது செம்பாட்டு மண்ணிலே பத்துப் பரப்பில் வெங்காயம் செய்யும் ஒருவரை எண்ணுங்கள். விதை வெங்காயம், பசளை, மருந்து, இறைப்பு, கூலி என்பவற்றை விரிதாளில் நிரையாக இட்டு, ஓர் அந்தர் விற்கும் விலையையும் இட்டுவிட்டால், பசளை விலை ஏறினால் கையில் என்ன மிஞ்சும், எந்த விலைக்குக் கீழே விற்றால் நட்டம் என்பன நொடியிலே தெரியும். சந்தைக்குப் போகுமுன்னே தம் அடக்கவிலையை அறிந்தவர், வியாபாரி சொல்லும் விலைக்குத் தலையாட்டிவிட்டு வரமாட்டார்.

ஆனால் அவர் தம் வீட்டார் தோட்டத்திலே பட்ட பாட்டைச் செலவாக எழுதாது விட்டாரெனில், விரிதாள் இல்லாத இலாபத்தை அழகாகக் காட்டும். கணனி கூட்டலிலே பிழை விடாது. கூட்டாமல் விட்டது எது என்பதை அது அறியாது.

பெரியவர்களும் இதிலே இடறியுள்ளனர். நாடுகளின் கடனும் வளர்ச்சியும் பற்றி பேராசிரியர்களான ரைன்ஹார்ட், ரோகொஃப் இருவரும் 2010ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையைப் பல நாட்டு அரசியலாளர் ஆதாரமாகக் காட்டினர். அவர்களுடைய விரிதாளை வாங்கி ஆராய்ந்த தோமஸ் ஹேண்டன் என்னும் பட்டமேற்படிப்பு மாணவர், சராசரி காணும் சூத்திரம் 20 நாடுகளில் 5 நாடுகளை விட்டிருந்ததையும் வேறு குறைகளையும் 2013ஆம் ஆண்டு வெளிப்படுத்தினார். இங்கிலாந்திலே 2020ஆம் ஆண்டு, பழைய வகை விரிதாள் 65,536 நிரைகளுக்கு மேல் கொள்ளாத காரணத்தால், 15,841 கொரோனாத் தொற்றாளர் விபரம் உரிய வேளையிற் கணக்கிலே சேராது போயிற்று. தொற்றாளருடன் பழகியோரைத் தேடி எச்சரிக்கும் வேலையும் அதனால் தாமதித்தது. ஒரு கோப்பின் குறை உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆகவே, விசையை அழுத்தப் பழகுவது பாதிப் படிப்பு. மற்றப் பாதி, பற்று எது, வரவு எது, இவ்வெண் எங்கிருந்து வந்தது, வங்கிக் கூற்றோடு காசேடு ஏன் இணங்கவில்லை என்று கேட்கும் பழக்கம். அப்படிப்பு கல்லூரியில் மட்டும் இல்லை. பேரேட்டிலே ஐந்து சதம் இடித்தாலும் அதைக் கண்டுபிடிக்கும் வரை வீடு போகாத இளைப்பாறிய கணக்காளரும் கூட்டுறவுச் சங்க முகாமையாளரும் எம் மத்தியிலே இருக்கின்றனர். அவர்களிடம் நாம் கற்க வேண்டும். எம்மிடமிருந்து அவர்கள் கணனியைக் கற்கலாம்.

அயற்கிராமமாகிய சிறுப்பிட்டியிலே 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அரசாங்கக் கணக்குத் துறையிலே உத்தியோகம் பார்த்தவர். அவரே ஏட்டுப் பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கலித்தொகையை 1887இல் பதிப்பித்தார். கணக்கைச் சரிபார்க்கும் கண்ணும் தமிழைச் சரிபார்க்கும் கண்ணும் ஒருவரிடத்தே இருக்கலாம் என்பதற்கு அவர் சாட்சி.

இது தமிழ் எழுத்துக்கும் பொருந்தும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால், தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். ஒருங்குறியில் அடித்ததோ எங்கும் தமிழாகவே நிற்கும். மலர்களும் சங்கக் குறிப்புக்களும் பழைய முறையிலேயே கிடந்தால், எமது பிள்ளைகள் அவற்றை வாசிப்பது எங்ஙனம்?

எனவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். சங்கத்தின் வரவு செலவை இவ்வாண்டு முதல் பேரேட்டிலும் விரிதாளிலும் எழுதி, மாதந்தோறும் ஒப்பிடுவோமாக. சனிக்கிழமைகளில் கணக்கறிந்த பெரியவர் ஒருவரும் கணனி கற்ற மாணவர் ஒருவரும் சேர்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்கும் தோட்டக்காரருக்கும் வகுப்பு நடத்துவோமாக. பழைய மலர்களை ஒருங்குறியில் மீள அடித்துச் சேமிப்போமாக. இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பழைய கணனி இரண்டும், ஒழுங்காக வரும் ஆட்களும் போதும்.

உத்தியோகம் வந்தால் நன்று. வராவிடினும் இக்கல்வி வீணாகாது. பிறர் கணக்கை எழுதும் கை, முதலில் தன் ஊர்க் கணக்கை எழுதிப் பழகட்டும்.