முச்சந்தித் தேவியின் நித்திய கானம்

கிரேக்கரின் தெய்வங்களுள் ஹெக்காத்தே என்னும் தேவியின் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவில் எழுவன இருளும் மந்திரமுமே. முச்சந்திகளில் நிற்பவள், தீப்பந்தம் ஏந்தியவள், நாய்கள் சூழ நள்ளிரவில் உலாவுபவள் என்றெல்லாம் அவளைக் கதைகள் காட்டின. சேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்திலும் அவள் சூனியக்காரிகளின் தலைவியாகவே தோன்றுகிறாள். ஆயின், அவளைத் தம் குலதெய்வமாகப் போற்றிய மக்கள் அவளை எவ்வாறு பாடினர்?

கி.மு. 700ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஹெசியோட் என்னும் புலவர், தெய்வங்களின் பிறப்பைக் கூறும் தமது காவியத்தில் அவளை நீளப் புகழ்கின்றார். மண்ணிலும் கடலிலும் விண்ணிலும் அவளுக்குப் பங்குண்டு; மீனவருக்கு வலை நிறையச் செய்பவள் அவள்; மந்தையைப் பெருக்குபவள் அவள்; குழந்தைகளை வளர்ப்பவளும் அவளே. மந்திரம் பற்றிய சொல் ஒன்றேனும் அப்புகழுரையில் இல்லை.

இன்றைய துருக்கியின் தென்மேற்கே, பண்டைக் காரியா நாட்டில், ஸ்திராத்தோனிக்கேயா என்றொரு நகரம் இருந்தது. அதன் அயலிலுள்ள லகீனாவிலேயே ஹெக்காத்தேயின் பெருங்கோயில் விளங்கியது. அந்நகரச் சபை மண்டபத்துச் சுவரில், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் இறுதியளவில், ஒரு தீர்மானம் பொறிக்கப்பட்டது. பேராபத்துகள் பலவற்றினின்றும் நகரைக் காத்தவர்கள் சீயுஸ் தேவனும் ஹெக்காத்தேயுமே. ஆதலின் அவர்களுக்கு நாள்தோறும் இசைவழிபாடு நிகழ வேண்டும் என்பது அதன் கருத்து.

நற்குடிச் சிறுவர் முப்பதின்மர் தெரிந்தெடுக்கப்பட வேண்டும். வெண்ணிற ஆடை உடுத்து, ஒலிவத் தழை முடி சூடி, கையிலும் ஒலிவக் கொம்பு ஏந்தி, அவர்கள் சபை மண்டபத்துக்கு வருதல் வேண்டும். யாழ் வாசிப்பவரும் கட்டியக்காரரும் உடன் வருவர். நகரச் செயலாளரான சோசாந்திரோஸ் இயற்றிய துதியை அவர்கள் பாடுவர். நோயுற்ற பிள்ளைக்கும், வீட்டில் துக்கம் நேர்ந்த பிள்ளைக்கும் விலக்கு உண்டு. லகீனாக் கோயிலிலும் அயலூர்ச் சிறுவர் தேவியின் துதியைப் பாட வேண்டுமென அத்தீர்மானம் விதித்தது.

அச்சிறுவர் பாடிய சொற்கள் இன்று இல்லை, அப்பண்ணும் மறைந்தது. எஞ்சியது கல்லிற் பொறித்த ஆணை ஒன்றே. எனினும், ஓர்பேயுஸின் பெயரால் வழங்கும் 87 துதிகளுள் முதலாவது ஹெக்காத்தேயை நோக்கியதே. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் வாழ்ந்த புரோக்குலஸ் என்னும் தத்துவஞானியும், நோய் நீங்கி வாழ்வு ஒளிபெற அருளுமாறு அவளை வேண்டிப் பாடியுள்ளார்.

அந்நியர் அஞ்சிய ஒரு தெய்வத்தைச் சொந்த ஊரார் அன்னையாகக் கண்டனர். அவளுக்கு அவர்கள் நாள்தோறும் அளித்த காணிக்கை, தம் குழந்தைகளின் குரல். ஒரு மக்களின் தெய்வத்தை அறிய விரும்புவோர், அதைப் பற்றிப் பிறர் கூறும் கதைகளோடு நின்றுவிடாது, அம்மக்கள் அதனை நோக்கிப் பாடிய பாட்டையும் தேடிக் கேட்டல் வேண்டும்.