கம்பை முற்ற விட வேண்டாம்

(அறக்கட்டளையின் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நமது ஜகாத் நிதியில் ஆடு பெற்ற குடும்பங்களில் சில, சென்ற கோடையில் தீவனமில்லாமல் அவற்றை விற்றுவிட்டன. ஆடு கொடுத்தால் மட்டும் போதாது, மேய இடமும் வேண்டும். எனவே அறக்கட்டளையின் 2 ஏக்கர் மானாவாரி நிலத்தை மேய்ச்சல் நிலமாக்க முடிவு செய்துள்ளோம்.

புரட்டாசி மழைக்குக் கொழுக்கட்டைப்புல்லையும் முயல் மசாலையும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் விதைப்போம். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் தலைமுறைகளாக ஆடுமாடுகளைக் காப்பது இந்தப் புல்தான். வறட்சியில் காய்ந்தாலும் அடுத்த மழைக்குத் தூரிலிருந்து துளிர்க்கும். முயல் மசால் பயறு இனம். வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், ஆட்டுக்குப் புரதம் தரும்.

புல் விதை அறுவடையாகி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும்; புது விதை சரியாக முளைக்காது. முயல் மசால் விதைக்குத் தோல் கடினம். அதை 80 டிகிரி சூடான நீரில் 4 நிமிடம் வைத்து, பிறகு இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும். இரண்டும் சிறு விதைகள். மேலாக மண் மூடினால் போதும்.

இவற்றோடு வழக்கமான அளவில் பாதி கம்பும் தூவுவோம். இளம்புல் வேர் பிடிக்கும்வரை மழையடியையும் களையையும் கம்பு தடுக்கும். சோளம் விதைக்கலாமே எனச் சிலர் கேட்டார்கள். இளஞ்சோளப் பயிரில் கால்நடையைக் கொல்லும் நஞ்சு உண்டு, அதனால்தான் கம்பு.

கம்பை முற்றவிட்டுத் தானியத்தை விற்றால் செலவுக்கு ஆகுமே என்ற யோசனையும் வந்தது. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அதுவரை நின்றால் நீரையும் வெயிலையும் கம்பே எடுத்துக்கொள்ளும். அடியிலுள்ள புல் வெளுத்துச் சாகும். ஒரு பருவத் தானியத்துக்காகப் பல ஆண்டு மேய்ச்சலை இழக்கலாமா? ஆகவே பூக்கும் தருணத்தில், ஏறத்தாழ 50ஆம் நாளில், அறுத்துவிடுவோம். தட்டையைக் காயவைத்து ஆடு வைத்திருக்கும் வீடுகளுக்கு, ஆதரவற்ற விதவைகளுக்கு முதலில், பங்கிடுவோம். வரும் கோடைக்கு அதுவே தீவனம்.

நாம் கேட்பது ஒன்றுதான்: முதலாண்டு அந்த நிலத்தில் யாரும் ஆட்டை விட வேண்டாம். வேர் ஊன்றாத புல்லை ஆடு பிடுங்கிவிடும். வேலி கட்டவும் விதைக்கவும் இளைஞர்கள் முன்வர வேண்டும். நாம் விதைத்ததைப் பறவையோ கால்நடையோ உண்டாலும் அது நமக்குத் தர்மமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அந்த நன்மையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.