தமக்கையார் தந்த திருநீறு



தாம்பரத்துக்கு அணித்தேயுள்ள குன்றத்தூர், சேக்கிழார் பெருமான் அவதரித்த திருவூர். 12-ஆம் நூற்றாண்டில் அநபாய சோழரின் அமைச்சராய் விளங்கிய அப்பெருமான் அருளிய பெரிய புராணத்தில், பிழை பொறுக்கும் திறத்தை இளையோர்க்கு உணர்த்தும் வரலாறு ஒன்று உண்டு. அது திலகவதியாரும் அவர்தம் தம்பியார் மருணீக்கியாரும் ஆகிய இருவரின் வரலாறு.

திருவாமூரில் தந்தையார் புகழனாரும் தாயார் மாதினியாரும் அடுத்தடுத்து மறைந்தனர். திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் நீத்தார். தாமும் உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பி தனித்து வாடுவானே என்னும் இரக்கத்தால் உயிர் தாங்கினார். அத்தம்பியாரோ வளர்ந்தபின் தமக்கையாரைப் பிரிந்து, சமண சமயம் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயருடன் பாடலிபுத்திரத்தில் வாழ்ந்தார்.

சூலை நோய் பற்றி வருத்தவே, தமக்கையாரிடம் ஆள் அனுப்பினார். அம்மையார் அவ்விடம் செல்ல இசைந்தாரில்லை. பொறுத்தல் வேறு; உடன்படுதல் வேறு. ஆயினும், தம்பியார் இரவிலே திருவதிகைக்கு வந்து அடியில் வீழ்ந்தபொழுது, 'உன் பொருட்டன்றோ உயிர் தாங்கினேன்' என்னும் சொல் அம்மையார் வாயினின்றும் எழவில்லை. அவர் மீண்டு வந்ததை இறைவன் திருவருள் என்றே கொண்டார். திருவைந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். திருப்பள்ளியெழுச்சி வேளையில் திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் ஏந்தித் திருவீரட்டானம் செல்கையில், தம்பியாரையும் உடனழைத்துச் சென்றார்.

பிறர் பொறுத்தாலும், தம்மைத் தாமே பொறுத்தல் எளிதன்று. நாவுக்கரசர் என்னும் திருப்பெயர் பெற்ற பின்னும், வீணே கழிந்த நாள்களை எண்ணிப் பல பதிகங்களில் அவர் இரங்கினார். ஆனால் அவ்விரக்கத்திலேயே தேங்கி நின்றாரல்லர். உழவாரம் ஏந்தித் திருக்கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார்; முதுமையில் திருப்புகலூரிலும் அத்தொண்டை விட்டாரில்லை. கழிந்த நாளை மீட்க இயலாது. நிற்கும் நாளைத் தொண்டாக்க இயலும் என்பதே அவர் வாழ்ந்து காட்டிய நெறி.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளிலும் பெற்றோரோடும் உடன்பிறந்தாரோடும் மனம் வேறுபட்டுத் தனித்து உறையும் இளையோர் உளர். பிழை பொறுக்க வேண்டியவர்க்குத் திலகவதியார் வழிகாட்டி. பிழை செய்து வருந்துவோர்க்கு நாவுக்கரசர் வழிகாட்டி. வீடு திரும்பும் பிள்ளையிடம் பழங்கணக்குக் கேளாமல், அன்போடு நீறிட்டு, கையில் ஒரு நற்பணியைக் கொடுங்கள். குடமுழுக்குக் கண்ட இத்திருக்கோயிலிலும் அவர்களுக்காக அலகும் உழவாரமும் காத்திருக்கின்றன.

திருச்சிற்றம்பலம்.