காயம் ஆறிய நிலம்



பேராக் மாநிலத்துத் தைப்பிங் நகரின் ஏரிப் பூங்காவைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

நீரும் நிழலுமாய்த் திகழும் அவ்விடம் முன்பு ஈயச் சுரங்கமாக இருந்தது. ஈயத்தை எடுத்தபின் எஞ்சியவை பள்ளங்களும் மணல்மேடுகளுமே. ஈயத்திற்காக லாருட் வட்டாரத்தில் நடந்த சண்டைகள் 1874-இல் ஓய்ந்தன. 'பேரமைதி' எனப் பொருள்படும் சீனப் பெயர் நகருக்கு வாய்த்தது. 1880-இல் அப்பாழ்நிலம் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. வாக்கர் என்னும் படைத்துறை அதிகாரி அப்பணியில் முன்னின்றார். பள்ளங்கள் ஏரிகளாயின, மேடுகளில் புல்லும் மரமும் தழைத்தன. 1884-இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அப்பூங்கா, இந்நாட்டின் மிகப் பழைய பொதுப் பூங்காக்களுள் ஒன்றாகும். அதன் பரப்பு ஏறத்தாழ 64 ஹெக்டர்.

கரையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் நூறாண்டு கடந்தவை. சாலையைக் கடந்து, ஏரி நீரைத் தொடுமாறு கிளை தாழ்த்தி நிற்கின்றன. அவற்றின் பட்டையில் பெயர் செதுக்குவது முறையாகுமா? கத்தி ஆழப் பதிந்தால் மரம் படும் பாட்டைப் பால்மரம் சீவும் உங்களைவிட நன்கறிந்தவர் யார்? அதனை உங்கள் பிள்ளைகளுக்கும் எடுத்துரையுங்கள்.

விடுமுறை நாளில் குடும்பத்தோடு சென்று பாருங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. திரும்பி வந்ததும், லயத்தின் பின்புறம் குப்பைமேடாய்க் கிடக்கும் இடத்தையும் சற்று நோக்குங்கள். சுரங்கப் பள்ளமே சோலையானது. அச்சிறு நிலத்தில் நான்கு மரங்கள் நிழல் தரலாகாதா? நாம் கூடி முயன்றால் இயலும்.