காரின் வேகமும் காவலின் யோக்கியதையும்

(திருவண்ணாமலையில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசிய பேச்சின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், போலீஸ் இலாகாவுக்குப் பொதுஜனங்களின் வரிப்பணத்தில் விலையுயர்ந்த, வேகமான வண்டிகளை வாங்குவது சரியா என்பதாகும். வாகனத்தைப் பற்றிப் பேசுவதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. கார்த்திகை மாதம் வந்துவிட்டால் பத்து நாளைக்கு இங்கே வாகனங்களின் ராஜ்யந்தான். ஏழாம் நாள் பெரிய தேர். அந்தத் தேர் எங்கே போகிறது? நிலையிலிருந்து புறப்பட்டு, நாலு வீதியும் சுற்றி, மறுபடியும் நிலைக்கே வந்து சேருகிறது. போய்ச் சேரவேண்டிய இடம் ஒன்றும் அதற்குக் கிடையாது. அண்ணாந்து பார்க்கவேண்டும், கன்னத்தில் போட்டுக்கொள்ளவேண்டும் என்பதற்காகவே அவ்வளவு உயரமும் அவ்வளவு ஜோடனையும். சர்க்கார் வாங்கும் வண்டிகளிலும் இப்படிப்பட்ட தேர்கள் உண்டா என்று பார்ப்பதுதான் இன்றைய வேலை.

ஆயுத பூசையன்று போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, திருஷ்டிப் பூசணிக்காய், நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம்! சர்க்கார் ஆபீசுகளில் சாமி படங்கள் கூடாதென்று அண்ணா சர்க்கார் 1968-லேயே உத்தரவு போட்டும் இது நடக்கிறது. லட்சக்கணக்கில் விலை கொடுத்து, மோதினால் காற்றுப்பை விரியும் கார் வாங்கிய பிறகு, அதைக் காப்பாற்ற ஒரு எலுமிச்சம்பழமும் வேண்டியிருக்கிறதென்றால், அந்த வண்டியைக் கருவியாக நினைக்கிறார்களா, சாமியாக நினைக்கிறார்களா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வெளியூர்க் கூத்து

துபாய் போலீசார் 2013-ல் லம்போர்கினி என்கிற பந்தயக் காரை ரோந்துக்கு விட்டார்கள். மணிக்கு 350 கிலோமீட்டர் ஓடுமாம்! பிறகு அதையும் மிஞ்சிய புகாட்டியும் வந்தது. திருடனைப் பிடிப்பதற்கா என்று கேட்டால், வெளிநாட்டு யாத்திரிகர்கள் பார்த்து மகிழ்வதற்காக என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இத்தாலி போலீசுக்கு 2004-ல் அதே கம்பெனி அம்மாதிரி காரை இனாமாகக் கொடுத்தது. கம்பெனிக்கு விளம்பரம், போலீசுக்குப் பெருமை. ஆனால் இத்தாலிக்காரர்கள் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். 2020-ல் ஒரு நோயாளிக்கு வைக்கவேண்டிய சிறுநீரகத்தை அந்த ரகக் காரில் சுமார் 500 கிலோமீட்டர் தூரம் இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உயிர் காப்பாற்றும் வேகத்தை யார் குறை சொல்லுவார்கள்?

நிற்க. அந்நியர் கதை நமக்கெதற்கு? நம் நாட்டில், ஊழல் செய்தவர்களை விசாரிப்பதற்கென்றே ஏற்பட்ட லோக்பால் என்னும் ஸ்தாபனம் 2025 அக்டோபரில் ஏழு பி.எம்.டபிள்யூ கார்களுக்கு டெண்டர் கேட்டது. ஒரு கார் சுமார் 70 லட்ச ரூபாய். வேலிக்கே பயிர் தின்னும் ஆசை வந்தால் பயிர் யாரிடம் போய் அழும்?

ஐதராபாத்து கண்ட பாடம்

இப்போது நெருங்கிய அத்தாட்சிக்கு வருகிறோம். தெலுங்கானா தனி ராஜ்யமான 2014-ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்டு மாதத்தில், ஐதராபாத்துப் போலீசுக்கு முதல் தவணையாக 100 இன்னோவா கார்களும் 300 மோட்டார் சைக்கிள்களும் கொடி அசைத்து விடப்பட்டன. மொத்தத் திட்டம் 300 கோடி ரூபாய்க்கு மேல். கூப்பிட்ட சில நிமிஷத்தில் வண்டி வந்து நிற்கும் என்றார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. மற்ற ராஜ்யங்களும் பொறாமைப்பட்டன.

ஐந்து வருஷம் கழித்து, 2019 நவம்பரில், அதே நகரத்தின் ஓரத்திலுள்ள சம்ஷாபாத்தில் என்ன நடந்தது? இரவு நேரத்தில் ஸ்கூட்டர் டயர் பழுதாகி நின்ற ஒரு பெண் வைத்தியர் வீட்டுக்குப் போன் செய்தார். பிறகு போன் அணைந்துபோயிற்று. பெற்றோர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். "இது எங்கள் எல்லை இல்லை, அடுத்த ஸ்டேஷனுக்குப் போங்கள்" என்று அலைக்கழித்தார்கள் என்பது அந்தக் குடும்பத்தார் சொன்ன புகார். மறுநாள் எரிந்துபோன உடல் கிடைத்தது. தாமதத்துக்காக மூன்று போலீஸ்காரர்கள் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். ஜனங்களின் கோபம் பொங்கியதும், பிடிபட்ட நாலு பேரையும் டிசம்பர் 6-ந் தேதி விடியற்காலையில் சுட்டுக் கொன்றார்கள். சுப்ரீம் கோர்ட்டு நியமித்த சிர்புர்கர் கமிஷன், அது வேண்டுமென்றே சுட்டது என்று 2022-ல் சொல்லிற்று.

தோழர்களே! அந்த இரவில் இல்லாமற்போனது எது? வண்டி இருந்தது. டிரைவர் இருந்தார். பெட்ரோல் இருந்தது. ரோடும் நல்ல ரோடுதான். "எல்லை பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பெண்ணைத் தேடுவோம்" என்கிற எண்ணம் ஒன்றுதான் இல்லை. அதை எந்தக் கார்க் கம்பெனி விற்கிறது?

யாருக்கு வேகம்?

சரி, போலீஸ் எப்போதும் மெதுவாகத்தான் வருகிறதா? அப்படியும் சொல்லமுடியாது. 2025 ஜூனில் சிவகங்கை ஜில்லா மடப்புரம் காளி கோயிலில், காரில் வைத்திருந்த நகை காணோம் என்று ஒரு புகார் வந்தது. கோயில் காவலாளியான இளைஞர் ஒருவரைத் தனிப்படை கொண்டுபோயிற்று. அடித்த அடியில் அவர் செத்தே போனார். பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். முறைப்படி வழக்குப் பதியாமல், யார் உத்தரவின் பேரில் தனிப்படை விசாரித்தது என்று ஐகோர்ட்டு கேட்டது. பாருங்கள்! அங்கே, மகளைக் காணோமென்று கதறியவர்களுக்கு வண்டி அசையவில்லை. இங்கே, பதிவு ஆவதற்கு முன்பே படை புறப்பட்டுவிட்டது. ஆகையால் போலீஸ் வண்டியின் வேகம் என்ஜினைப் பொறுத்ததல்லவென்றும், கூப்பிடுகிறவன் யார், பிடிபடுகிறவன் யார் என்பதைப் பொறுத்ததென்றும் நாம் சொல்லுகிறோம்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் கடைசியில், ஆந்திராவிலிருந்து இரவில் சரக்கு வண்டியில் வந்த ஒரு பெண்ணை, ரோந்து சுற்றவேண்டிய இரண்டு கான்ஸ்டபிள்களே பலாத்காரம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானார்கள். வேலையிலிருந்தும் நீக்கப்பட்டார்கள். இராத்திரி ரோந்தை அதிகப்படுத்த வேண்டும், அதற்கு வண்டி வேண்டும் என்கிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்? அந்தப் பெண்ணுக்கு அன்றிரவு ரோந்து வராமல் இருந்திருந்தால் அல்லவா க்ஷேமமாக இருந்திருக்கும்!

நாம் நேரில் கண்டதும் ஒன்று உண்டு. நமக்குத் தெரிந்த விவசாயத் தோழர் ஒருவரின் கறவை மாடு திருட்டுப் போயிற்று. அவரோடு நாமும் ஒரு ஸ்டேஷனுக்குப் போனோம். வாசலில் இரண்டு புது வண்டிகள் பளபளவென்று நின்றன. உள்ளே, "ஒரு குயர் வெள்ளைக் காகிதம் வாங்கிவா" என்றார்கள். வாங்கி வந்தோம். "இடத்தைப் பார்க்கவேண்டும், ஆட்டோ கொண்டுவா" என்றார்கள். வெளியே வண்டி நிற்கிறதே என்றோம். "அது அய்யா வண்டி" என்று பதில் வந்தது. கடைசியில் வழக்குப் பதியாமல் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வரும் வழியில் அந்தத் தோழர், "ஏனுங்க, மாட்டுக்காரன் ஆட்டோவுக்குக் கொடுக்கணும், காருக்கு வரியும் கொடுக்கணும், அப்போ கார் யாருக்குங்க?" என்று கேட்டார். இந்தப் பிரசங்கம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

தெலுங்கானாவிலும் கார் வாங்கியதோடு கூட, நகரத்து ஸ்டேஷன் ஒவ்வொன்றுக்கும் மாதம் 75,000 ரூபாய் கைச்செலவுக்கு ஒதுக்கினார்கள். புகார் கொடுக்க வந்தவனிடம் காகிதம் கேட்காதிருக்க அதுவே வழி. ஆனால் அதற்குக் கொடி அசைக்க முடியாதல்லவா? ஆதலால் காரின் படம் மாத்திரம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஆட்சேபணைக்குப் பதில்

"அப்படியானால் போலீஸ் கட்டை வண்டியில் போகவேண்டுமா?" என்று சிலர் கேட்பார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. பஞ்சாபில் 2024 ஜனவரியில் 144 வண்டிகளோடு ஒரு சாலைப் பாதுகாப்புப் படை ஏற்படுத்தினார்கள். அவற்றில் 116 வண்டிகள் விலையுயர்ந்த டொயோட்டா ஹைலக்ஸ். 30 கிலோமீட்டருக்கு ஒரு வண்டி நிற்கிறது. விபத்தில் அடிபட்டவனுக்கு முதலுதவி செய்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பது அதன் வேலை. சாவு வெகுவாகக் குறைந்ததென்று அந்த சர்க்கார் சொல்லுகிறது. இன்ன இடம், இன்ன வேலை, இன்ன பலன் என்று கணக்குக் காட்டினால் அந்தச் செலவை நாமும் ஆதரிப்போம். கணக்குக் காட்டாத வண்டியைத்தான் தேர் என்கிறோம்.

மேலும், இன்றைய திருடன் எதில் வருகிறான்? போனில் வருகிறான். பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி, கிழவியின் சேமிப்பை ஒரு நிமிஷத்தில் துடைத்துவிடுகிறான். அவனைத் துரத்த எத்தனை குதிரைச் சக்தி வேண்டும்? 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தவுடன் பணத்தை நிறுத்திவைக்கத் தெரிந்த படித்த ஆள்தான் வேண்டும். பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஜனத்திரளுக்கு நடுவே எந்தக் கார் ஓடும்? கால் கடுக்க நிற்கும் கான்ஸ்டபிள்தான் அன்றைக்குப் போலீஸ். அவருக்குக் குடிதண்ணீரும் ஒதுங்க இடமும் உண்டா என்று யாராவது கேட்டதுண்டா? ஆர்டர்லி முறை 1979-லேயே காகிதத்தில் ஒழிந்தது. ஆனால் 2022-லும் அதை ஒழியுங்கள் என்று சென்னை ஐகோர்ட்டு கண்டிக்கவேண்டியிருந்தது. அதிகாரி வீட்டில் வேலை செய்யும் கான்ஸ்டபிளும், ஆட்டோவுக்குக் காசு கொடுக்கும் விவசாயியும் ஒரே கட்சிதான். அவர்களிடம் நமக்கு விரோதமில்லை.

1855-ல் சென்னை ராஜதானியில் நடக்கும் சித்திரவதைகளைப் பற்றி வெள்ளைக்காரனே ஒரு கமிஷன் வைத்து விசாரித்தான். அன்று முதல் இன்று வரை குதிரை போய் ஜீப் வந்தது, ஜீப் போய்க் கார் வந்தது, உடுப்பும் மாறிற்று. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடை வைத்திருந்த தகப்பனும் மகனும் செத்த விதத்தைப் பார்த்தால் லத்தி மாறவில்லை என்று தெரிகிறது. அந்த ஸ்டேஷனில் காமிரா இருந்தது. ஆனால் பதிவு தினந்தோறும் தானே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குப் போன மாஜிஸ்டிரேட்டு கண்டார். எல்லா ஸ்டேஷன்களிலும் காமிரா வைத்து, பதிவை 18 மாதம் காப்பாற்றவேண்டுமென்று அந்த டிசம்பரிலேயே சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஒரு காரின் விலையில் எத்தனை ஸ்டேஷனுக்குக் காமிராவும் அழியாத பதிவும் வைக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கார் நம்மைப் பார்க்கவைக்கும். காமிரா அவர்களைப் பார்க்கும். எதை வாங்க அவசரப்படுவார்கள் என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

நாம் செய்யவேண்டியது

இனி உங்கள் வேலைக்கு வருவோம். புகாரை வாங்க மறுத்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அமுலில் இருக்கும் புதுக் குற்ற நடைமுறைச் சட்டத்துக்கு வாயில் நுழையாத வடமொழிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் போகட்டும். 173-வது பிரிவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கவேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இனாமாகக் கொடுக்கவேண்டும். மறுத்தால் ஜில்லா சூப்பிரண்டெண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லையேல் மாஜிஸ்டிரேட்டிடம் போகலாம்.

அடுத்தபடியாக, 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி ஒரு மனுப் போடுங்கள். நமது ஜில்லாவில் போலீசுக்கு எத்தனை வண்டி, என்ன விலை, எது ஸ்டேஷன் வேலைக்கு, எது அதிகாரிகளின் உபயோகத்துக்கு, ஓடிய கணக்குப் புத்தகம் என்ன சொல்லுகிறது, எத்தனை ஸ்டேஷனில் காமிரா வேலை செய்கிறது என்று கேளுங்கள். கிராமத்துக்கு ஒருவர் கேட்டால் போதும். கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பவன் பிச்சைக்காரனல்ல, எஜமான். மளிகைக் கடையில் அரைக் கிலோ பருப்புக்குத் தராசைக் கவனித்துப் பார்க்கிற நாம், கோடிக்கணக்கான செலவுக்கு மாத்திரம் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவது என்ன புத்தி?

தேர் வீதியில் வந்தால் வடம் பிடிப்பவனும் நாம்தான், கீழே விழுந்து நசுங்குகிறவனும் நாம்தான். இந்தத் தேருக்காவது, வடம் பிடிப்பதற்கு முன், இது எங்கே போகிறது என்று கேட்டுவிட்டுப் பிடிப்போம்.

நமது புத்திக்கு எட்டியதைச் சொன்னோம். நாம் சொன்னோம் என்பதற்காக ஒன்றையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊர் ஸ்டேஷன் வாசலில் நாளைக்கே போய் நின்று, சொன்னது நிஜமா என்று பார்த்துவிட்டு, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.